நான் போட்ட சரிகள்

ஏழாம் ஆண்டில் படிக்கும்போதே நான் ஒருவருக்குக் கணக்கு வாத்தியாராக இருந்திருக்கிறேன். என்னிடம் படித்தது ஒரே ஒரு மாணவி. அவர் என் உம்மா. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. நான் எப்படிப்பட்ட வாத்தியார் என்பதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சண்டை முடிந்து இரண்டாவது வருடம் அது. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், புத்தளம் களப்புக் கரைப் பக்கமாக இருந்தது எங்கள் குடியிருப்பு. மன்னாரிலிருந்து வந்தவர்களின் வீடுகள்தான் எல்லாம். அங்கிருந்த பாலர் பாடசாலையில் உம்மா ஒன்பது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரை டீச்சரும்மா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் எங்களோடு பேசுகிற குரல் வேறு, அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரல் வேறு. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் சில நாட்கள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய் யன்னலுக்கு வெளியே நிற்பேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் பாலர் பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஓ.எல். சோதனையில் கணக்குச் சித்தியடையாதவர்கள் இனிமேல் ஆசிரியையாக இருக்க முடியாது, டிசம்பர் சோதனைக்குத் தோற்றிச் சித்தியடைய வேண்டும் என்று அதில் இருந்தது. உம்மாவுக்கு அந்தச் சோதனை வருவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் மன்னாரைவிட்டு முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தார் போகச் சொன்னார்கள். பிறகு அகதி முகாமிலிருந்து ஒரு தடவை எழுதியிருக்கிறார். மற்றப் பாடங்கள் கைகொடுத்தன, கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. இருபது வருடம் கழித்து அது மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

உம்மா அழவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. புத்தளத்துக்குப் போய் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தார். அதன் கடைசி ஒன்பது பக்கங்களில் விடைகள் இருந்தன. வந்த அன்றே ஒரு பிளேடை எடுத்து அந்த ஒன்பது பக்கங்களையும் வெட்டி என் கையில் தந்தார்.

"இத நீ வச்சிக்க புள்ள. என்ட கைக்கு எட்டினா நான் பாத்துப் போடுவன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. உம்மாவின் ஒழுங்கு இதுதான்: பின்னேரம் அஸர் தொழுது முடித்ததும் அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றுவார். சோறு வேகும் நேரத்துக்குள் மூன்று கணக்கு. நாலாவது செய்ய ஆசை வந்தாலும் செய்யமாட்டார், இரண்டோடு எழும்பவும் மாட்டார். கொப்பியின் தலைப்பில் நாள் ஒன்று, நாள் இரண்டு என்று இலக்கம் போடுவார். பக்கத்து வீட்டுக் கலியாணத்தன்று இடது கையில் போட்ட மருதோண்டி இன்னும் காயாததால், அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூன்று கணக்கும் செய்தார். காய்ச்சல் வந்த நாளில் பாயில் குப்புறப் படுத்துச் செய்தார். எழுத்துக் கோணியிருந்தது, இலக்கம் விடுபடவில்லை.

நான் கண்டிப்பான வாத்தியார். பாலர் பாடசாலையிலிருந்து உம்மா கொண்டுவந்த சிவப்புப் பேனையால் பிழை போடும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. என் கணக்கு டீச்சர் எனக்கு எழுதுவதைப் போலவே, "கவனம் போதாது" என்று எழுதுவேன். உம்மா வாசித்துவிட்டு, சரி டீச்சர் என்பார். பிழைத்த கணக்கை மறுநாள் அந்த மூன்றுக்கும் மேலதிகமாகத் திரும்பச் செய்வார், அதுவும் பிழைத்தால் அதற்கடுத்த நாளும் செய்வார். மாசி மாதத்தில் மூன்றில் ஒன்று சரிவந்தாலே பெரிய காரியம். ஆனி மாதத்தில் இரண்டு சரிவந்தது, சில நாட்களில் மூன்றுமே வந்தது. அதற்கு நானோ புத்தகமோ காரணமில்லை. பிழை என்று தெரிந்ததும் அவர் விடாமல் அதற்குள் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

வாப்பா முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்தார், வெள்ளிக்கிழமைகளில்தான் வருவார். வந்ததும் உம்மா அவருக்குத் தேநீரோடு கொப்பியையும் கொண்டுவந்து வைப்பார். வாப்பாவுக்குக் கணக்கில் அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டி, சிவப்பு மையை மட்டும் பார்த்து, இந்தக் கிழமை பரவாயில்லையே என்பார். சோறு பிழைக்காமல் வந்தால் எனக்குப் போதும் என்று கிண்டலும் பண்ணுவார். அந்த ஒரு "பரவாயில்லையே"யை வைத்துக்கொண்டு உம்மா அடுத்த வெள்ளி வரை ஓடுவார்.

நோன்பு வர ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் துப்புரவு நடக்கும். பாய், தலகாணி எல்லாம் வெயிலுக்கு வரும், பழையதெல்லாம் வெளியே போகும். பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளை வீதியோரம் கடலை விற்கும் மாமி வந்து வாங்கிக்கொண்டு போவார். தாளைக் கிழித்துச் சுருட்டிக் கடலை போடத்தான். வெட்டித் தந்த விடைப் பக்கங்களை நான் போன வருடத்துக் கட்டுரைக் கொப்பிக்குள் வைத்திருந்தேன். யாருமே திறந்து பார்க்க ஆசைப்படாத இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அன்று நான் குர்ஆன் ஓதப் போன ஓதப்பள்ளியிலிருந்து வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டு வெறுமையாக இருந்தது. எல்லாக் குப்பையும் ஒழிந்தது என்று உம்மா சந்தோஷமாகச் சொல்லி, மாமி பதிலுக்குத் தந்துவிட்டுப் போன கடலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

நான் மாமியின் வீட்டுக்கு ஓடினேன். அவர் அதற்குள் எல்லாவற்றையும் கிழித்துச் சுருட்டி முடித்திருந்தார். பாதிச் சுருள் அவருடைய மகனோடு புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. மீதியைச் சாக்கில் கைவிட்டுத் தேடினேன், என் கட்டுரைகள்தான் வந்தன. திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உம்மா அடிக்கிறவர் அல்ல. அவரே தெரியாமல் தூக்கிக் கொடுத்ததால் என்னை ஏசவும் முடியாது. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என் வாத்தியார் வேலை போய்விடும் என்ற பயம்தான். விடை இல்லாத வாத்தியாரை யார் வைத்திருப்பார்கள்?

அன்று மாலை உம்மா வழக்கம்போலக் கொப்பியைத் தந்தார். நான் எழும்பி உள்ளே போய், விடைத்தாளைப் பார்க்கிறவள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, இரண்டு சரியும் ஒரு பிழையும் போட்டேன். எல்லாம் சரி என்றால் நம்பமாட்டார் என்பதற்காகத்தான் அந்தப் பிழை. பிழை போட்ட கணக்கு உண்மையில் சரியாகவும் இருந்திருக்கலாம். உம்மா அதை மறுநாள் வேறு விதமாகச் செய்தார், அதற்கடுத்த நாள் இன்னொரு விதமாகச் செய்தார். மூன்றாம் நாள் பாவம் என்று நினைத்துச் சரி போட்டுவிட்டேன்.

நோன்பு முழுக்க நான் கடலை வாங்கினேன். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்னால் பொட்டலங்களோடு பள்ளிவாசல் மதிலோரம் இருந்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பேன். யாரோ ஒருவருடைய புவியியல், யாரோ ஒருவருடைய விஞ்ஞானம், நூற்றுக்கு முப்பத்திரண்டு. நோன்போடு இருக்கிற பிள்ளை கடலையைத் தொடாமல் தாளை மட்டும் வாசிக்கிறதே என்று ஒரு பெரியவர் மெச்சினார். கடைசியில் ஒரு பக்கம் கிடைத்தது. எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது, ஆனாலும் ஒரு பயிற்சியின் விடைகளை முழுதாக வாசிக்க முடிந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்து, உம்மா அந்தப் பயிற்சிக்கு வந்த நாளில் உண்மையாகவே பார்த்துத் திருத்தினேன். மூன்றும் பிழை.

உம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தார். அன்று நோன்புக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அவருடைய கஞ்சி அடிப்பிடித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு முற்றத்தைக் கூட்டினார், பிறகு பாத்திரம் தேய்த்தார். தலையிடி, இன்று வேண்டாம் என்றார். கொப்பியில் முதன்முதலாக ஒரு நாள் இலக்கம் விழவில்லை.

அதற்கடுத்த நாளும் அவர் கொப்பியை எடுக்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானே கொப்பியை எடுத்துக்கொண்டு போய், அன்றைக்கு விடையை மாற்றிப் பார்த்துவிட்டேன், மூன்றில் இரண்டு சரிதான் என்று சொன்னேன். உம்மா என் கையிலிருந்து கொப்பியை வாங்கி, பிழையின் மேல் நான் சரி போட்டு மாற்றும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அடுப்படியில் இருந்து, விடுபட்ட நாளுக்கும் சேர்த்து ஆறு கணக்குச் செய்தார்.

அன்றிலிருந்து நான் தாராளமாகிவிட்டேன். அதுவரை பயத்தில் போட்ட சரிகளை இனிப் பாசத்தில் போடுவதாக நினைத்துக்கொண்டேன். பிழை போட்டால் உம்மா எழும்பமாட்டார், சரி போட்டால் நாளைக்கும் இருப்பார். எனக்கு விளங்கிய கணக்கு அது ஒன்றுதான். கேத்திரகணிதம், திரிகோணகணிதம் என்று புத்தகத்தின் பின்பக்கங்களுக்கு அவர் போகப் போக என் சரிகளும் பெரிதாகிக்கொண்டு போயின. சில இடங்களில் "மிக நன்று" என்றும் எழுதினேன். திரும்பச் செய்யும் வேலை உம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. வாப்பா வெள்ளிக்கிழமைகளில் சிவப்பு மையைப் பார்த்து, இவ என்னை விட்டிட்டு கந்தோர் உத்தியோகத்துக்குப் போகப் போறா என்று சிரித்தார்.

சோதனை புத்தளத்தில் நடந்தது. பேத்தி வயதில் இல்லாவிட்டாலும் மகள் வயதில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவில் கறுப்பு அபாயாவோடு போய் இருந்து எழுதிவிட்டு வந்தார். கடினம்தான், ஆனால் பயமில்லாமல் எழுதினேன், வீட்டில் வந்த மாதிரித்தான் வந்தது என்று பாலாவிச் சந்தியிலிருந்து வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார். உண்மைதான். வீட்டில் வந்த மாதிரித்தான் வந்திருந்தது.

சித்திரையில் பெறுபேறு வெளிவந்தது. கணக்குச் சித்தியில்லை. தொலைபேசிக் கடையில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உம்மா வெகுநேரம் நின்றார். கடைக்காரப் பையன் வேறு இலக்கம் அடித்துவிட்டானோ என்று இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், அழுத்தமில்லாத குரலில் என்னிடம்தான் கேட்டார்.

"வீட்டில சரியா வருதே புள்ள. அங்க போனா மட்டும் ஏன் எனக்கு வருதில்ல?"

பயந்திருப்பீர்கள் என்று சொன்னேன். ஓம், அப்படித்தான் இருக்கும் என்று அவர் தலையாட்டினார்.

ஆனால் கதவு முழுதாக மூடவில்லை. இன்னொரு வருடம் தவணை கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்து மேல்வகுப்புக் கணக்கு ஸேர் இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். இறங்காமலே சொன்னார்.

"செஞ்ச கொப்பிய அனுப்பி விடுங்க தங்கச்சி. எங்க பிழைக்குதெண்டு பாத்தாத்தான் எனக்குச் சொல்லித் தரலாம்."

அவர் போன பிறகு உம்மா அந்த வருடத்தில் நிரப்பியிருந்த இரண்டு கொப்பிகளையும் ஊசிநூலால் ஒன்றாகத் தைத்தார். மண்ணிறத் தாளில் உறை போட்டு, பெயரைப் பாலர் பாடசாலை எழுத்தில் வட்ட வட்டமாக எழுதினார். பாலர் பாடசாலைப் பாட்டு ஒன்று வாயில் ஓடிக்கொண்டிருந்தது. ஸேர் முதல் பக்கத்தைத் திறந்து, என் சரிகளைப் பார்த்து, யார் திருத்தியது என்று கேட்பதை நான் கண்ணுக்கு முன்னால் கண்டேன்.

சனிக்கிழமை காலை கொப்பியைச் சைக்கிள் கரியரில் வைத்து என்னை அனுப்பினார். ஸேரின் வீடு உப்பளத்தைத் தாண்டி இருந்தது. சோளகக் காற்று தொடங்கியிருந்ததால் சைக்கிளை மிதிக்க முடியவில்லை, உருட்டிக்கொண்டு போனேன். உப்பளத்து வாய்க்கால் ஓரத்தில் ஆள் நடமாட்டமில்லை. கொப்பியை எடுத்து எறிந்தேன். அது தாழவில்லை. அந்த உப்புத் தண்ணீரில் எதுவுமே சுலபத்தில் தாழாது என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கங்கள் விரிந்து, சிவப்பு மை கரைந்து கரைந்து, அது மிதந்துகொண்டே இருந்தது. நான் இறங்கினேன். காலில் இருந்த கீறல்களெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்து, அது கீழே போகும் வரை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரியரிலிருந்து காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் காற்று கூரைத் தகரத்தையே தூக்கும், ஆகவே யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உம்மாவும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வா தேடுவம் என்று புறப்பட்டார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. மதியம் ளுஹருக்கு முன் புறப்பட்டு அஸர் வரை தேடினோம். வீதியின் இருபக்கமும் தண்ணீர் ஓடும் கானையும் பார்த்தார். வேலி வேலியாகப் போய், கம்பியில் சிக்கிய ஒவ்வொரு தாளையும் எடுத்துப் புரட்டினார். ஓட்டோக்காரர்களை நிறுத்தி, மண்ணிற உறை போட்ட கொப்பி ஒன்று கண்டீர்களா என்று கேட்டார். மண் கண்ணில் அடிக்க அடிக்கத் துடைத்துக்கொண்டு நடந்தார். நானும் கூடவே நடந்தேன். அங்கே பாருங்கள், இங்கே இருக்கலாம் என்று கைகாட்டினேன். உப்பளத்து வாய்க்காலைக் கடக்கும்போது மட்டும் மறுபக்கம் கைகாட்டினேன். அவர் நான் காட்டிய பக்கம் போனார்.

ஸேர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. போனால் போகட்டும், புதிதாகத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். உம்மா ஒரு புதுக் கொப்பி வாங்கினார். அஸர் தொழுது, பானையை ஏற்றி, நாள் ஒன்று என்று எழுதினார். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் கேட்டுத்தான் எழும்பினார். மறுநாள் அந்தக் கொப்பியை எடுக்கவில்லை. இந்த முறை நான் போய்க் கூப்பிடவும் இல்லை. அடுத்த தை மாதம் பாலர் பாடசாலைக்குப் புது டீச்சர் வந்தார். உம்மாவைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வைத்துக்கொண்டார்கள். டீச்சரும்மா என்று கூப்பிட்ட பிள்ளைகளிடம், இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

ஸேர் கேட்டது பிழைகளைத்தான். சரிகளைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கொப்பியில் நான் மறைக்க நினைத்த அத்தனை பிழையும் அவர் கையில் கிடைத்திருந்தால் உம்மாவுக்கு ஒரு வழி திறந்திருக்கும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடக்கணக்கானது. நான் பிழை போட்டிருந்தால் உம்மா இரண்டு நாள் மனம் நொந்திருப்பார், மூன்றாம் நாள் எப்படியாவது எழும்பியிருப்பார். அப்போது அவரை எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நான் சரி போட்டதால், வீட்டில் எல்லாம் சரியாக வந்தும் சோதனையில் வராத தலை தன்னுடையது என்று நம்பிவிட்டார். இன்றும் யாராவது பேச்செடுத்தால் அப்படித்தான் சொல்கிறார்.

புதுக் கொப்பியில் ஒரு வரிக்கு மேல் எழுத முடியாமல் எழும்பிய அந்த மாலையில், பொங்கிய சோற்றை வடித்துக்கொண்டே உம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கொப்பில எவ்வளவு சரி இருந்திச்சு, என்ன புள்ள? ஸேர் அத மட்டும் பாத்திருந்தா, இவவுக்கு ஏலும் எண்டு சொல்லியிருப்பார்."

ஓம் உம்மா என்றேன். உம்மாவுக்கு ஒரு துளியும் சந்தேகமில்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்கு விளங்கியது. இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பசியெடுத்தது. அவர் போட்ட சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.